ஆறுதலும் ஆர்தலும்

புனே நகரில் பழைய முறைப்படி நடக்கும் திருமண விருந்துக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியை எளிதில் மறக்க மாட்டார்கள். வரிசையாக இலைகள் போடப்பட்டிருக்கும். இலையின் தலைப்பில் உப்பும் எலுமிச்சைத் துண்டும், இடப்புறத்தில் சட்டினியும் கோசிம்பீரும், வலப்புறத்தில் கறிவகைகளும், நடுவில் வெண்சோறும் பருப்பும் நெய்யும் இருக்கும். விருந்து முடியும் தறுவாயில் வீட்டுக்காரர் இனிப்புத் தட்டை ஏந்திக்கொண்டு வருவார். விருந்தினரோ இரு கைகளாலும் இலையை மறைத்துக்கொண்டு 'புரே, புரே' என்பார். வீட்டுக்காரர் விடமாட்டார். 'எங்களுக்காக இன்னும் ஒன்று' என்று வற்புறுத்துவார். இவ்வாறு வற்புறுத்துவதை மராத்தியர் 'ஆக்ரஹ்' என்பர். சத்தியாக்கிரகம் என்னும் சொல்லின் பின்பாதியாக நாம் அறிந்துள்ள சொல்லே அது. உண்மையை விடாது பற்றி நிற்பது சத்தியாக்கிரகம். விருந்தினரை விடாது பற்றி நிற்பது இந்த ஆக்கிரகம்.

புனேயில் வாழும் தமிழராகிய நாம் அந்த வரிசையில் அமர்ந்திருக்கும்போது நம் ஊர்ப் பந்தி நினைவுக்கு வருவது இயல்பு. அங்கும் இலையை மறைக்கும் கை உண்டு. 'போதும், போதும்' என்னும் குரல் உண்டு. மராத்தியர் 'பங்கத்' என்பதும் நாம் 'பந்தி' என்பதும் வரிசை எனப் பொருள்படும் 'பங்க்தி' என்ற வடசொல்லின் வழியில் வந்தவையே. இருக்கை ஒன்று, இலை ஒன்று, கை காட்டும் குறிப்பும் ஒன்று. வாயிலிருந்து வரும் சொல் மட்டுமே வேறு. பசி தணிந்தது என்பதைக் காட்ட மக்கள் வழங்கும் சொற்களின் பிறப்பையும் பொருளையும் சற்று ஆராய்ந்தால் என்ன என்னும் எண்ணம் இவ்விடத்தில் எழுகின்றது. நேயர்களும் நம்முடன் அந்தப் பந்தியில் சிறிது நேரம் அமர்ந்திருக்க வேண்டுகிறோம்.

முதலில், காதில் விழுந்த 'புரே' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'புரணே' என்றால் மராத்தியில் போதுமானதாக இருத்தல் என்று பொருள். நிரப்புதலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து அது வந்தது. பூர்த்தி, பூரணம், பரிபூரணம் என நாம் வழங்கும் சொற்களும் அந்த வேரில் கிளைத்தவையே. மராத்தியர் விழாக்காலங்களில் விரும்பிச் செய்யும் புரண் போளியில் கடலைப் பருப்பையும் வெல்லத்தையும் சேர்த்து உள்ளே நிரப்புகிறார்கள். அதன் பெயர் 'புரண்'. நம் வீட்டுக் கொழுக்கட்டையின் உள்ளே இருப்பதன் பெயரும் பூரணந்தான். ஆகவே போளியை நிரப்பும் பண்டத்துக்கும், போளியைத் தின்றவர் கைமறித்துக் கூறும் சொல்லுக்கும் தாய் ஒன்றே. நிரம்பிய போளியைத் தின்று நிரம்பியவர் 'நிரம்பிற்று' என்கிறார், அவ்வளவே.

மராத்தியில் இன்னொரு சொல் 'போட்பர்' என்பது. போட் என்றால் வயிறு. பர் என்றால் நிறைய. வயிறு நிறைய என்பதே அதன் பொருள். இதில் 'பர்' என்பது வடமொழி வழிவந்தது. 'போட்' என்பதைத் தெலுங்கின் 'பொட்ட' என்பதோடும் கன்னடத்தின் 'ஹொட்டெ' என்பதோடும் ஒப்புநோக்கினால் அவை ஒரு குடும்பத்துச் சாயலுடையவை என்பது விளங்கும். வயிற்றின் பெயர் தென்னாட்டுச் சாயல், நிறைவின் பெயர் வடநாட்டு வழி. இரண்டும் கூடித்தான் மராத்தியர் வயிறு நிறைகின்றது. இரு மொழிக் குடும்பங்களின் எல்லையில் அமைந்த நாட்டில் இத்தகைய கலப்பு வியப்புக்குரியதன்று.

படித்தோர் வழக்கில் மராத்தியும் தமிழும் ஒருங்கே போற்றும் சொல் 'திருப்தி'. இச்சொல்லில் 'திரு' என்ற எழுத்துகளைக் கண்டு, செல்வத்தைக் குறிக்கும் நம் திருவோடு இதை இணைத்துப் பார்ப்போரும் உண்டு. அதற்கும் இதற்கும் உறவில்லை. 'த்ருப்' என்னும் வடமொழி வேருக்கு நிறைவடைதல், மகிழ்தல் என்று பொருள். அதிலிருந்து ஒரு கிளை திருப்தி. மற்றொரு கிளை தர்ப்பணம். முன்னோரை நினைந்து எள்ளும் நீரும் இறைப்பது அவர்களைத் திருப்தி செய்வது என்பதே தர்ப்பணம் என்ற பெயரின் கருத்து. இவ்வேரின் உறவினர் வெகு தொலைவிலும் வாழ்கின்றனர். கிரேக்க மொழியில் 'தெர்ப்' என்ற வேர் மகிழ்வித்தலைக் குறிக்கிறது. கிரேக்கரின் நடனத் தேவதையாகிய தெர்ப்சிகோரியின் பெயரில் அது இன்றும் ஒலிக்கின்றது. வயிற்றின் நிறைவு ஒரு மொழியில், கண்ணின் களிப்பு மற்றொரு மொழியில். வேர் மட்டும் ஒன்றே.

சிரார்த்த காலத்தில் நடைபெறும் ஒரு சிறு உரையாடல் இங்கே கருதத்தக்கது. விருந்துண்டவர்களை நோக்கி இல்லத்தார் 'திருப்தி அடைந்தீர்களா?' என்று வினவ வேண்டும். உண்டவர்கள் 'அடைந்தோம்' என்று விடை கூற வேண்டும். தர்ம சாஸ்திரங்கள் இதனைச் சடங்கின் ஒரு பகுதியாகவே வைத்துள்ளன. பரிமாறியவர் தாமே 'இவர்களுக்கு இது போதும்' என்று முடிவு செய்துவிட முடியாது. கேட்கவேண்டும், உண்டவர் வாயால் விடை வரவேண்டும். இந்தச் சிறு வழக்கத்தை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் அது நமக்குப் பயன்படும்.

திருப்தியைப் பற்றிய கதைகளுள் நம் நாட்டில் பெரிதும் வழங்குவது பாரதக் கதை ஒன்று. பாண்டவர் வனத்தில் இருந்தபோது துர்வாச முனிவர் பதினாயிரம் சீடர்களோடு வந்து உணவு கேட்கிறார். திரௌபதி உண்டு முடித்துவிட்டமையால் கதிரவன் தந்த பாத்திரத்தில் அன்று இனி உணவு சுரக்காது. அப்போது வந்த கண்ணன் பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டியிருந்த கீரையையும் பருக்கையையும் எடுத்து உண்கிறான். ஆற்றில் நீராடிக்கொண்டிருந்த முனிவர்கள் அனைவருக்கும் அந்தக் கணமே கழுத்துவரை வயிறு நிறைந்துவிடுகிறது. கழுத்துவரை என்பதற்குரிய 'ஆகண்ட்' என்ற சொல்லை மராத்தியர் இன்றும் திருப்தியோடு சேர்த்து வழங்குகின்றனர்.

புனேயில் 1917-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பண்டார்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் மகாபாரதத்தின் ஏடுகளையெல்லாம் திரட்டி ஒப்புநோக்கி ஒரு பதிப்பை வெளியிட்டது. 1919-இல் தொடங்கிய பணி 1966-இல் நிறைவெய்தியது. வி. எஸ். சுக்தங்கர் பதிப்பித்த வனபருவத்தில், துர்வாசர் விருந்துக் கதை மூலப் பாடத்தில் இடம்பெறவில்லை. பிற்சேர்க்கையாகக் கருதப்பட்டு நூலின் இறுதியில் தனியே வைக்கப்பட்டது. கதை பின்னால் வந்ததாயினும், மக்கள் மனத்தில் அது முன்வரிசையில் அமர்ந்துவிட்டது. பசித்த பலருக்கு ஒரு பருக்கையால் வயிறு நிறையுமா என்பது ஏழை நாட்டின் நெடுங்கனவு அன்றோ!

சொல்லாராய்ச்சிக்குப் புனே நகரம் பேர்பெற்றது. இந்நகரின் டெக்கான் கல்லூரியில் எஸ். எம். கத்ரே அவர்களின் முயற்சியால் 1948-இல் வடமொழிப் பேரகராதிப் பணி தொடங்கியது. ஏறத்தாழ 1500 நூல்களிலிருந்து சுமார் ஒரு கோடிச் சீட்டுகளில் சொற்கள் குறித்து வைக்கப்பட்டன. முதற்பகுதி 1976-இல் வெளிவந்தது. பணி தொடங்கி எழுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் வெளிவந்த தொகுதிகள் அகரத்தில் தொடங்கும் சொற்களைப் பற்றியனவாகவே இருந்தன. திருப்தி என்னும் சொல் தன் முறை வரும்வரை சீட்டுப் பெட்டியில் பொறுமையுடன் காத்திருக்க வேண்டியதுதான். சொற்பசி எளிதில் தணியும் பசியன்று.

இனித் தமிழுக்கு வருவோம். திருப்தி வடசொல்லாயின், தமிழருக்கு இப்பொருளில் சொந்தச் சொல் இல்லையோ என்று ஐயுற வேண்டா. ஒன்றன்று, இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று 'ஆர்தல்', மற்றொன்று 'ஆறுதல்'. எழுத்தில் இடையின ரகரமும் வல்லின றகரமுமே வேற்றுமை. பேச்சின் வேகத்தில் இவ்விரண்டும் ஒன்றுபோல ஒலிப்பதால் பலரும் இவற்றை ஒரே சொல்லாகக் கருதிவிடுவதுண்டு. பொருளை நோக்குமிடத்து இவை இருவேறு ஓவியங்கள்.

ஆர்தல் என்றால் நிறைதல். உண்ணுதல், பருகுதல், பரவுதல் என்ற பொருள்களும் அதற்கு உண்டு. வயிறார உண்டான், வாயார வாழ்த்தினான், கண்ணாரக் கண்டான், காதாரக் கேட்டான், மனமார நினைத்தான் என்று நாம் நாள்தோறும் கூறுகிறோம். இவற்றிலெல்லாம் 'ஆர' என்பது நிறைய என்னும் பொருளையே தருகின்றது. வயிற்றுக்கு ஏற்பட்ட சொல்லைக் கண்ணுக்கும் காதுக்கும் மனத்துக்கும் பரிமாறிவிட்டனர் நம் முன்னோர். 'ஆர்த்துதல்' என்றால் பிறரை உண்பித்து நிறைவித்தல். நிறையாத தன்மைக்கு 'ஆராமை' என்று பெயர். குடந்தைத் திருமாலுக்கு 'ஆராவமுதன்' என்ற திருப்பெயர் வழங்குவதை நேயர்கள் அறிவார்கள். எவ்வளவு பருகினாலும் 'போதும்' என்று சொல்லத் தோன்றாத அமுதம் என்பது அப்பெயரின் பொருள்.

ஆறுதல் என்பதோ தணிதல். பாலின் சூடு ஆறுகிறது. உடலில் பட்ட புண் ஆறுகிறது. மனத்தில் எழுந்த சினம் ஆறுகிறது. அவ்வாறே பசியும் ஆறுகிறது. துயர் தணிவதையே நாம் ஆறுதல் என்கிறோம். துக்கம் நேர்ந்த வீட்டுக்குச் சென்று சொல்லும் சொல்லுக்கும், பசித்தவனுக்கு இடும் சோற்றுக்கும் தமிழில் பெயர் ஒன்றாக அமைந்திருப்பது எண்ணி எண்ணி மகிழத்தக்கது. கடல் கடந்து மலேசியாவில் வாழும் தமிழர் காலை வேளையில் ஒருவரை ஒருவர் காணும்போது 'பசியாறிவிட்டீர்களா?' என்று வினவுகின்றனர். காலைச் சிற்றுண்டியை உண்பதே அவர்கள் வழக்கில் பசியாறுவது. பிழைப்புக்காகத் தாயகம் விட்டுச் சென்றவர்கள் இந்தச் சொல்லைக் கைவிடாது காத்து வந்துள்ளனர்.

ஆக, ஆர்தல் என்னும் சொல் பசியை ஒரு வெற்றுப் பாத்திரமாகக் காண்கிறது; அதனை நிரப்பவேண்டும். ஆறுதல் என்னும் சொல் பசியை ஒரு நெருப்பாகக் காண்கிறது, அதனைத் தணிக்கவேண்டும். பாத்திரம், நெருப்பு என்னும் இவ்விரண்டையும் ஒரே கதையில் சேர்த்துக் காட்டுவது மணிமேகலைக் காப்பியம். காயசண்டிகை என்னும் விஞ்சையர் மகள், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் உண்ணும் முனிவர் ஒருவருக்கென இருந்த நாவற்கனியைக் காலால் சிதைத்து, அவருடைய சாபத்துக்கு ஆளானாள். எவ்வளவு உண்டாலும் அடங்காத பசிநோய் அவளைப் பற்றியது. அதற்கு யானைத்தீ என்று பெயர். மலைபோன்ற உணவும் அத்தீயை அவிக்கவில்லை. புகார் நகரில் மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட ஒரு பிடிச் சோறு அதனை அவித்தது. அளவில் பெரிதாகிய உணவு செய்யாததை, அருளோடு இட்ட சிறு உணவு செய்தது என்பது காப்பியத்தின் குறிப்பு.

இந்த இரு ஓவியங்களுள் எது உண்மை என்று இக்கால உடலியல் அறிஞரைக் கேட்டால், இரண்டும் உண்மை என்றே கூறுவர். உணவு சேரச் சேர இரைப்பையின் சுவர்கள் விரிகின்றன. அந்த விரிவை நரம்புகள் மூளைக்கு அறிவிக்கின்றன. இது ஆர்தல். மற்றொருபுறம், 1999-இல் ஜப்பானிய அறிஞர்கள் கிரெலின் என்னும் சுரப்பை இரைப்பையில் கண்டறிந்தனர். உணவுக்கு முன்னர் அது இரத்தத்தில் ஏறிப் பசியை மூட்டுகிறது. உண்டபின் இறங்கித் தணிகிறது. இது ஆறுதல். 1994-இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்ற மற்றொரு சுரப்பு உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து புறப்பட்டு, உடலின் சேமிப்பு எவ்வளவு என்பதை மூளைக்குத் தெரிவிக்கிறது. இச்செய்திகள் மூளையைச் சென்றடையச் சிறிது நேரம் ஆகிறது. ஆகவேதான் விரைந்து உண்பவர் 'போதும்' என்று உணர்வதற்குள் தேவைக்கு மேல் உண்டுவிடுகின்றனர்.

தேவைக்கு மேற்பட்ட நிறைவுக்கும் தமிழில் சொல் உண்டு, அது தெவிட்டுதல். பேச்சு வழக்கில் திகட்டுதல் என்போம். ஆங்கிலத்தில் துயரத்தைக் குறிக்கும் 'சேட்' என்ற சொல்லின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் அச்சொல் துயரத்தைக் குறிக்கவில்லை. வயிறு நிறைந்த நிலையையே குறித்தது. நிறைவு சலிப்பாகி, சலிப்பு பாரமாகி, பாரம் துயரமாக மாறியது. அதன் உடன்பிறப்பாகிய ஜெர்மன் சொல் 'ஸட்' மட்டும் பசியடங்கிய நிலை என்ற பழம்பொருளையே இன்றும் தாங்கி நிற்கிறது. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் அளவறிந்து உண்பதை வற்புறுத்தினார். இரைப்பையை நான்கு கூறாக்கி இரண்டை உணவுக்கும், ஒன்றை நீருக்கும், ஒன்றைக் காற்றுக்கும் விடவேண்டும் என்று வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் விதித்தது. நிறைவுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

எல்லையைக் காட்டும் சொற்களுள் நம் அண்டை மொழிகளின் சொற்கள் மிக இனியவை. 'போதும்' என்பதற்குத் தெலுங்கர் 'சாலு' என்பர்; கன்னடியர் 'சாகு' என்பர். இவை இரண்டும் நிறைதலையும் தகுதியையும் குறிக்கும் ஒரே திராவிட வேரின் மக்கள். தமிழில் அவ்வேர் 'சால்' என நிற்கிறது. சால்பு, சான்றோர், சான்றாண்மை என்னும் சொற்கள் அதில் பிறந்தவை. அண்டை வீட்டார் இலையை மறைத்துக் கூறும் சொல்லிலிருந்து, நாம் மனிதருள் உயர்ந்தவரைக் குறிக்கும் சொல்லைப் பெற்றிருக்கிறோம். நிறைந்தவரே சான்றோர், 'போதும்' என்று அறிந்தவரே நிறைந்தவர். 'போதும் என்ற மனமே பொன்செய்யும் மருந்து' என்னும் நம் பழமொழியின் கருத்தும் இதுவே.

ஆயினும் இப்பழமொழியை யார், யாரை நோக்கிக் கூறுகிறார் என்று ஒரு வினா எழுப்பிப் பார்ப்போம். தன்னை நோக்கித் தானே கூறினால் அது மருந்து. பசித்தவனை நோக்கி, உண்டவன் கூறினால்? இந்த வினாவுக்கு விடையாகத் தமிழ்நாட்டையும் புனேயையும் ஒருங்கே தாக்கிய ஒரு கொடிய நிகழ்ச்சியைக் காணவேண்டும்.

1876-ஆம் ஆண்டில் தக்காணத்தில் மழை பொய்த்தது. புனே, சோலாப்பூர், அகமதுநகர் மாவட்டங்களிலும் சென்னை மாகாணத்தின் பல மாவட்டங்களிலும் பயிர் கருகியது. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது ஆண்டு. தாது வருஷப் பஞ்சம் என்ற பெயரால் நம் பாட்டன்மார் அதனை நினைவில் வைத்திருந்தனர். 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் மடிந்தனர். அரசாங்கம் நிவாரண வேலைகளைத் தொடங்கியது. கல் உடைத்தல், சாலை போடுதல், கால்வாய் வெட்டுதல் ஆகியவை பசித்த மக்களுக்குத் தரப்பட்ட வேலைகள். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அக்காலத்தில் இவ்வாறு வெட்டப்பட்டதே.

1877 ஜனவரியில் வைசிராய் லிட்டன் பிரபுவின் பிரதிநிதியாக ரிச்சர்ட் டெம்பிள் என்பவர் பஞ்சப் பகுதிகளைப் பார்வையிட வந்தார். செலவைக் குறைப்பது அவருக்கு இடப்பட்ட பணி. நாள் முழுதும் உழைக்கும் ஓர் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஓரணாவும் கூலியாகப் போதும் என்று அவர் வரையறுத்தார். பெண்களுக்கும் சிறுவர்க்கும் அதனினும் குறைவு. ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். வெயிலில் கல் உடைக்கும் உடலுக்கு அது போதும் என்பதை அந்த உடல் கூறவில்லை; எழுதுமேசை கூறியது.

மக்கள் இதனை ஏற்கவில்லை. பம்பாய் மாகாணத்தில் நிவாரண வேலை செய்தவர்கள் பெருந்திரளாக வேலையை விட்டு நீங்கினர். பட்டினியின் நடுவே வேலைநிறுத்தம் செய்வது எளிய செயலன்று. அவர்களுக்காக வாதாட முன்வந்தது புனே சார்வஜனிக் சபை. 1870-இல் தோன்றிய அச்சபையின் தூண்களாக விளங்கியவர்கள், மக்கள் 'சார்வஜனிக் காகா' என்று அன்போடு அழைத்த கணேஷ் வாசுதேவ் ஜோஷியும், நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடேயும் ஆவர். சபை மாவட்டந்தோறும் செய்தி திரட்டி அரசுக்கு விண்ணப்பங்கள் விடுத்தது. அதே வேளையில் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமும் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். சென்னை அரசு அவ்வாண்டில் ஓரளவு இறங்கிவந்து, ஒன்றேகால் பவுண்டு தானியமும் சிறிது பருப்பும் தர இசைந்தது. டெம்பிளோ அதே 1877-இல் பம்பாய் மாகாணத்தின் கவர்னர் பதவியில் அமர்ந்தார்.

துர்வாசர் கதையில் கண்ணன் ஒரு பருக்கையால் பதினாயிரவர் வயிற்றை நிறைத்தான். ஆட்சியாளரிடம் கதிரவன் தந்த பாத்திரம் இல்லை; ஆயினும் அந்தக் கணக்கையே அவர்கள் போட்டுப் பார்த்தனர். கதையிலும்கூட 'நிறைந்துவிட்டது' என்று உணர்ந்தவர்கள் முனிவர்களே. அவர்கள் வயிற்றைப் பற்றி மற்றொருவர் ஆணை பிறப்பிக்கவில்லை.

இதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னர் தமிழ் மண்ணில் மராத்தியர் ஆட்சி செய்த முறையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரத்தை நிறுவினார். தஞ்சை நாட்டுச் சத்திரங்களில் வழிப்போக்கர் எக்குலத்தவராயினும் உணவு பெற்றனர். சமைத்த உணவு கொள்ளாதோர்க்கு அரிசியும் பண்டமும் அளிக்கப்பட்டன. அங்கும் கணக்குப் பிள்ளை இருந்தார். படியும் மரக்காலும் இருந்தன. ஆனால் வந்தவர் பசியாறுவதற்கென்றே அங்கே அளவு இருந்தது. 1877-இன் நிவாரண வேலையிலோ செலவைச் சுருக்குவதற்கென்று அளவு இருந்தது. இந்த வேற்றுமையே சொல்லின் உயிரைக் காப்பதும் போக்குவதும்.

பொன்னைக் கொடுத்தாலும் நிலத்தைக் கொடுத்தாலும் பெறுபவர் 'இன்னும் வேண்டும்' என்பார். சோறிட்டால் மட்டுமே 'போதும்' என்பார். ஆதலால் தானங்களில் அன்னதானமே சிறந்தது என்று நம் நாட்டில் முதியோர் கூறுவதுண்டு. இதன் நுட்பத்தை நாம் கவனிக்கவேண்டும். கொடுத்தவரின் பெருமை அவர் கொடுத்த அளவில் இல்லை. பெற்றவரின் வாயிலிருந்து 'போதும்' என்னும் சொல் வந்ததில் இருக்கிறது. அச்சொல் கொடுப்பவர் வாயில் எழுந்தால் அது கருமித்தனம். ஆள்பவர் வாயில் எழுந்தால் அது கொடுமை. உண்டவர் வாயில் எழுந்தால் அதுவே அறத்தின் நிறைவு. சொல் ஒன்றுதான், சொல்லும் வாய் மாறினால் பொருளும் மாறிவிடுகிறது. அகராதிகள் சொல்லின் வேரைக் காட்டும், வாயைக் காட்டுவதில்லை. அதனை நாமே கண்டுகொள்ள வேண்டும்.

இக்காலத்தில் பள்ளியிலும் மருத்துவமனையிலும் அகதி முகாமிலும் உணவை எடை போட்டே வழங்க நேர்கிறது. பலருக்கு உணவளிக்கும் இடத்தில் அளவு இன்றியமையாதது. எனினும் அளந்து போட்டபின் 'போதுமா?' என்று ஒருமுறை கேட்பதற்கு எடைக்கல் தேவையில்லை. வீட்டிலும் இவ்வாறே. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிச்சத்தை உண்ணும் தாயை நோக்கி 'அம்மா, உங்களுக்குப் போதுமா?' என்று கேட்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? அவள் 'எனக்குப் போதும்' என்று கூறினாலும், அது நிறைந்த வயிற்றின் சொல்லா, காலியான பாத்திரத்தைக் கண்டு எழுந்த சொல்லா என்பதை ஆராய்ந்து அறிவது நம் கடமை.

மீண்டும் நாம் தொடங்கிய பந்திக்கு வருவோம். புனேயின் திருமண வீட்டில் விருந்து முடிகிறது. உண்டவர்கள் எழுமுன்னர் 'அன்னதாதா சுகீ பவ' என்று வாழ்த்துகின்றனர். சோறளித்தவர் நலமாக வாழ்க என்பது அதன் பொருள். 'திருப்தியின் ஏப்பம்' என்பது மராத்தியில் மரபுத் தொடராகவே நிலைத்துவிட்டது. வீட்டுக்காரரோ இனிப்புத் தட்டோடு இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். 'புரே' என்ற சொல் காதில் விழுந்தபின்னும் ஒருமுறை அவர் குனிந்து கேட்கிறார். அந்த ஆக்கிரகம் சில வேளைகளில் நமக்குத் தொல்லையாகத் தோன்றியதுண்டு. விருந்தினர் கூச்சத்தால் 'போதும்' என்றாரோ, வயிறார உண்டுதான் கூறினாரோ என்று அறியவே அவர் மறுமுறை கேட்கிறார் என்பது இப்போது விளங்குகிறது.

பசி ஆறவேண்டும், வயிறும் ஆரவேண்டும். அவை இரண்டும் நிகழ்ந்தன என்பதை உண்டவரே தம் வாயால் கூறவேண்டும். அதுவரை பரிமாறுபவர் கை ஓயாதிருப்பதே விருந்தின் இலக்கணம்.